பழனி வழியாகப் பள்ளப்பட்டி

இரண்டாயிரத்து ஒன்பதில் என்னிடம் ஒரு கேரவன் இருந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பதைக் கற்பனை செய்துவிட வேண்டாம். குமுளியில் ஒரு லாட்ஜ்காரர் ஓட்டிக் களைத்துப்போட்ட பழைய வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், ஒற்றை காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்தேன். உத்தமபாளையத்தில் அதற்கு ‘பக்கீர் பாய் ஆம்புலன்ஸ்’ என்று பெயர். வாழைக்காய் மண்டியை மகன் நவாஸிடம் விட்டுவிட்டு, மனைவியோடு ஊர் ஊராகப் போய் மரத்தடியில் டீ போட்டுக் குடிக்க வேண்டும் என்பது என் திட்டம். மனைவியைக் கேட்காமல் போட்ட திட்டம்.

அக்தர் பேகம் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. நான் வரல.”

“ஏன்?”

“நவாஸ் அத்தா, ஒங்களுக்கு வழி தெரியாது. வழி சொல்ற பொட்டி ஒண்ணு வந்திருக்காமே. அதுல நல்லதாப் பாத்து மாட்டுங்க. அப்பறம் ஏறுறேன்.”

எனக்கு வழி தெரியாது என்பது முழு உண்மை அல்ல. எங்கள் பள்ளத்தாக்குக்குள் யாராலும் வழி தவற முடியாது. மேற்கே ஒரு மலை, கிழக்கே ஒரு மலை, நடுவில் நாங்கள். ‘பேங்குக்கு மேக்க திரும்பி, தெக்க பாத்த வீடு’ என்றால் வெளியூர்க்காரன் முழிப்பான்; எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேரும். இடது, வலது என்பதெல்லாம் சாப்பிடுகிற கை எது, கழுவுகிற கை எது என்று பிரிப்பதற்கு மட்டும்தான். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் மலைகள் முடிகிற வத்தலக்குண்டு தாண்டும்வரைதான் செல்லும்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் விடிகாலைத் தொழுகை முடிந்த நேரம் போன் வந்தது. பள்ளப்பட்டியில் அக்தரின் அம்மா மௌத். மதியத் தொழுகைக்கு அடக்கம். டிரைவர் அய்யாத்துரை காரோடு வாசலில் நின்றார். “நானே ஓட்டிக்கிறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டேன். மருமகன் தானே காரோட்டி வந்து இறங்கினால் மதிப்பு என்று ஒரு மண்டைக்குத் தோன்றியது. அந்த மண்டை இன்றும் என் கழுத்தின்மேல்தான் இருக்கிறது.

திண்டுக்கல்லில் ரோடு பிரிகிறது. பள்ளப்பட்டிக்குக் கரூர் ரோடு. அந்தப் பக்கம் பார்த்தால் வெட்டவெளி, சாய்ந்துகொள்ள ஒரு மலை கிடையாது. இன்னொரு பக்கம், தூரத்தில் நீலமாக, மலை. தொழுவம் திரும்புகிற மாடு மாதிரி கார் அந்தப் பக்கம் போனது. மலை கூடவே வர, எனக்கும் மனதில் ஒரு தெம்பு. கோயில் படிக்கட்டு கண்ணில் பட்ட பிறகுதான் உறைத்தது: பள்ளப்பட்டி மௌத்துக்குப் புறப்பட்ட ராவுத்தர் குடும்பம் பழனியில் வந்து நிற்கிறது.

தாராபுரம் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்தரால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அரை மணி நேரம் வச்சுப் பாத்தோமே மச்சான்,” என்றார் அவள் அண்ணன்.

“ரேடியேட்டர் காஞ்சுபோச்சு,” என்றேன்.

வழி முழுக்கப் பின்சீட்டில் துப்பட்டாவால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்தவள் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், யார் கேட்டாலும் அவளே முந்திக்கொள்வாள்: “ரேடியேட்டர் காஞ்சுபோச்சு.” அழுகையில் அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மகள் பெனாசிரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் போவாள். என் வண்டியில் ஏறியதில்லை. இது இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை.

ஆக, பெட்டி தேட ஆரம்பித்தேன். முதல் பெட்டியை மருமகன் அப்சல் துபாயிலிருந்து கொண்டுவந்தான். அதற்குத் துபாய் மட்டும்தான் தெரியும். சின்னமனூரில் வைத்து முடுக்கினால், வெள்ளைத் திரையில் ஓர் அம்பு மட்டும் தனியாக நின்றது. வெளியூரில் நான் நிற்பது மாதிரியே இருந்ததால் அதன்மேல் எனக்குப் பாசம் வந்தது. இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தேனியில் செல்போன் கடை வைத்திருந்த பால்பாண்டியிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியதை என் வேன் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். “தெரிஞ்ச ஊருக்கு ஓட்டிப் பாருங்க பாய்.”

தேனியிலிருந்து உத்தமபாளையத்துக்கு, நாற்பது வருஷமாகப் போய்வரும் பாதையை, பெட்டிக்குள்ளிருந்து பேசும் ஓர் இங்கிலீஷ்காரியிடம் விசாரித்துக்கொண்டு போனேன். லெஃப்ட் என்றாள், ரைட் என்றாள். “ஏத்தா, மேக்கயா கெழக்கயா, அதச் சொல்லு,” என்று நான் கெஞ்சக் கெஞ்ச, மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். தோட்டக்காரர் நல்லகண்ணு மண்வெட்டியோடு வந்தார்.

“மண்டிய மகன்ட்ட குடுத்துட்டீகன்னு சொன்னாக. இங்கன என்னடான்னா கட்டிலோட வந்து எறங்குறீக.”

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்தரும் கிளம்பி வந்தாள். கடையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டுலயும் பள்ளப்பட்டி போடுங்க தம்பி.”

“ரெண்டு மூணு பள்ளப்பட்டி காட்டுதேக்கா.”

“அரவக்குறிச்சிக்குப் பக்கத்துல உள்ளது.”

பெரிய பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஊதாநிறக் கோடு ஒன்று ஓடியது. திண்டுக்கல் வரை ஒழுங்காகப் போன கோடு, அங்கே மேற்கே வளைந்து, ஒட்டன்சத்திரம், பழனி, தாராபுரம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் வயிற்றில் எந்த ரோடு விடுபட்டிருந்ததோ.

அக்தர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பழனியில் விரல் நின்றது.

“இதுக்கும் ரேடியேட்டர் காயுது போல,” என்றாள்.

“இதுக்கு ரேடியேட்டர் எல்லாம் கெடையாதுக்கா,” என்றார் பால்பாண்டி. “சார்ஜ் போட்டாப் போதும்.”

என் காது இரண்டும் சுட்டன. சின்னப் பெட்டி அதற்குள் கரூர் ரோட்டில் நேராக ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அமைதியாக இருந்தது. அக்தர் பெரியதைக் காட்டினாள்.

“இதயே குடுங்க தம்பி.”

“அது வேணாம்,” என்றேன்.

“ஏன்? பெருசா இருக்கு. பேச்சும் தெளிவா இருக்கு.”

“வேணாம்னா விடேன்.”

“காரணத்தச் சொல்லுங்க. நான் விட்டுர்றேன்.”

பால்பாண்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துடைத்த கண்ணாடி மேஜையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

“அது தப்பான வழி அக்தர். அன்னைக்கு நான் போன வழி. ரேடியேட்டருக்கு ஒண்ணும் ஆகல. மலையப் பாத்துக்கிட்டே போயிட்டேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

“அப்பச் சின்னதக் கட்டுங்க தம்பி,” என்றாள்.

அடுத்த வாரம் அக்தர் வேனில் ஏறினாள். முன்சீட்டில். மடியில் பெட்டி. அதன் மூலையில் வடக்கைக் காட்டும் சின்ன முள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷ்காரி சொல்வதையெல்லாம் ‘வடக்க’, ‘கெழக்க’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக வத்தலக்குண்டுக்கு அப்பாலும் நான் ஒரு மனுஷனாக வண்டி ஓட்டினேன்.

திண்டுக்கல் வந்தது. பெட்டி கரூர் ரோட்டைச் சொன்னது. நான் வளைவுக்குத் தயாரானபோது அக்தர் என் கையைத் தொட்டாள்.

“பழனி ரோட்டுலயே போங்க.”

“பொட்டி வடக்கல்ல சொல்லுது?”

“சொல்லட்டும். இன்னைக்கு நமக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல.”

நான் மேற்கே திருப்பினேன். பெட்டிக்காரி பதறிப்போய்த் திரும்பு, திரும்பு என்றாள். அக்தர் துப்பட்டா நுனியால் அவளை மூடிவைத்தாள்.

ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் படியில் உட்கார்ந்து தெற்கே பார்த்தாள்.

“இதுதானா?”

“இதுதான்.”

“அன்னைக்கு நான் நிமிந்தே பாக்கல.”

நான் டீயை ஆற்றிக் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவள் கண் மலையைவிட்டு நகரவில்லை.

“நம்ம மேக்கு மலை மாதிரித்தான் இருக்கு,” என்றாள். ஒரு வாய் குடித்தாள். “எங்க அம்மா பாத்திருந்தா ஒங்கள நல்லா ஏசியிருக்கும்.”

“ஏசியிருக்கட்டும். மலை பாக்கப் போனவனுக்கு வேணும்ல.”

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று சரியாகத் தெரியவில்லை. டீயில் சர்க்கரை போட நான் மறந்திருந்தேன். அவள் அதைச் சொல்லாமலே முழுவதையும் குடித்தாள்.