மணி கேட்டவர்கள்

அலுவலக அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது அந்தத் தாள் அஃப்ராவின் கையில் சிக்கியது. ஓரமெல்லாம் பழுத்து, நடுவில் தக்காளிச் சாறு காய்ந்த கறையோடு இருந்தது. முப்பத்தெட்டு விவசாயிகளின் பெயர்கள். எதிரே இரண்டு கட்டங்கள்: ‘ஆம்’, ‘இல்லை’. முப்பத்தெட்டுப் பேருக்கும் ‘ஆம்’ கட்டத்தில் டிக். ‘இல்லை’ கட்டம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோலத் துப்புரவாக இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அடுத்த வாரத்திலிருந்து மதனப்பள்ளியில் வேலை. கிணத்துக்கடவில் இன்றுதான் கடைசி நாள்.

பரமக்குடியிலிருந்து அவள் இங்கே வந்தபோது வயது இருபத்து மூன்று. சின்ன விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய உற்பத்தியாளர் கம்பெனியில் ஒருங்கிணைப்பாளர் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். மண்டிக்குப் போகும் தக்காளியைத் தரம் பிரித்து நேராகக் கோயம்புத்தூர்க் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். துடியலூரில் ஒரு பெரிய காய்கறிக் கடை ஒப்புக்கொண்டிருந்தது. முதல் லோடு இருநூறு பெட்டி. அது போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம். சேராவிட்டால் ஊருக்குத் திரும்பி அத்தாவின் முகத்தில் விழிக்க வேண்டும். “பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பாதிய” என்று சொன்ன அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள்.

அதனால் தோட்டம் தோட்டமாக நடந்தாள். எல்லார் வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எல்லாரும், “உக்காருங்க அம்மணி” என்றார்கள். அவள் ராமநாதபுரத்துப் பேச்சில் படாரென்று கேட்பாள்: “வெள்ளிக்கெழம காய் தருவியளா, மாட்டியளா?”

எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “பாக்கலாமுங்க.”

அவளுடைய ஊரில் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அதைத் தெருமுனை வரைக்கும் கேட்கச் சொல்வார்கள். இவ்வளவு சிரித்த முகத்தோடு, மோரும் கொடுத்து, ‘ங்க’வும் போட்டுச் சொன்னால் அது வேறு என்னவாக இருக்கும்? முப்பத்தெட்டு டிக் போட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே, களைப்பில் எழுத்தைத் தட்டாமல் போனில் பேசியே வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள்: ‘அம்மா, முப்பத்தெட்டுப் பேரும் பாக்கலாமுங்கன்னு சொல்லிட்டாங்க.’ போனுக்குக் கொங்குத் தமிழ் பிடிபடவில்லை. ‘முப்பத்தெட்டு பேரும் பாக்கு எல்லாம் உங்க என்று சொல்லிட்டாங்க’ என்று அடித்து அனுப்பிவிட்டது.

அம்மா உடனே கூப்பிட்டாள். “ஏண்டி, தக்காளிக்குத்தானே போன? பாக்கு எதுக்குக் குடுக்குறாக? வெத்தல பாக்குக் குடுத்து ஊருக்கு அனுப்பி வைக்கிறாகளா?”

“ஐயோ அம்மா, எல்லாரும் சரின்னுட்டாக. போன் தப்பா எழுதிருச்சு” என்று சிரித்தாள் அஃப்ரா. போன் தப்பாக எழுதியதை அம்மா சரியாகப் படித்துவிட்டாள் என்பது வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

விடிந்ததும் முஜீபின் வண்டியில் கிளம்பினார்கள். முஜீப் கம்பெனிக்கு வாடகைக்கு ஓட்டும் டிரைவர். வாய் சும்மா இருக்காது. முதல் தோட்டத்தில் காய் பறித்தாயிற்று, ஆனால் மண்டிக்குப் போய்விட்டது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஆளே இல்லை, நாய்தான் இருந்தது. எட்டு மணிக்கு வண்டியில் பதினோரு பெட்டி.

“மேடம், இந்தப் பதினோரு பெட்டிக்கு எதுக்குங்க டெம்போ? என்ற பைக்லயே கட்டிக் கொண்டுபோயிருப்பனே” என்றான் முஜீப்.

அடுத்தது தெய்வாத்தாள் தோட்டம். அரை ஏக்கர் தக்காளியைத் தனியாளாகப் பார்க்கும் பெண். மூன்று தடவை மோர் கொடுத்தவள். அங்கே களத்தில் காலிப் பெட்டிகள் கவிழ்ந்துகிடந்தன. அஃப்ராவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“தாரேன்னு சொன்னியள்ல? அதை நம்பித்தான நான் வாக்குக் குடுத்தேன்?”

“நான் எப்பங்க சொன்னேன்?” தெய்வாத்தாள் நிஜமாகவே திகைத்தாள். “பாக்கலாமுங்கன்னுதான சொன்னனுங்க?”

“அப்ப மாட்டேன்னு சொல்லிருக்கலாம்ல!”

“இதென்னங்க அம்மணி அநியாயமா இருக்குது? வெயில்ல ஊடு தேடி வந்த புள்ளைகிட்ட, மூஞ்சில அடிச்சாப்ல மாட்டேன்னு சொல்லுவாங்களா? நாங்க என்ன அப்படியாப்பட்ட சனமுங்களா?”

முஜீப் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். “மேடம், முப்பத்தெட்டும் பாக்கலாமுங்களா? என்ற கல்யாணத்துக்குக் கடன் கேட்டப்பக்கூட அத்தன பேரு சொல்லலைங்க!”

“நீ வாய மூடு” என்றாள் அஃப்ரா. பிறகு குரல் இறங்கித் தெய்வாத்தாளிடம் கேட்டாள், “ஏன்க்கா வேண்டாம்? அதையாவது சொல்லுங்க.”

அக்கா என்றதாலோ என்னவோ, தெய்வாத்தாள் ஒரு பெட்டியை நிமிர்த்தி அதன்மேல் உட்கார்ந்தாள். “பெரிய காயப் பூராப் பொறுக்கி நீங்க கொண்டு போயிருவீங்க. மிச்சம் பொடிக்காய நான் எங்கீங்க கொண்டுபோய்க் கொட்டறது? வெறும் பொடிக்காயோட போனா மண்டில பெட்டிய எறக்கவே உடமாட்டாங்க. கலந்து போட்டாத்தான் ரெண்டும் போகும். போச்சாது உடுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்.”

அஃப்ராவின் திட்ட அறிக்கை நாற்பது பக்கம். அதில் பொடிக்காய் என்ற சொல்லே கிடையாது.

அவள் துடியலூருக்குப் போன் செய்து ஒருநாள் தவணை கேட்டாள். அந்த மேலாளர் கத்திவிட்டு, “நாளைக்குப் பதினோரு மணி. அதுக்கு மேல வேண்டாம்” என்று வைத்துவிட்டார். வண்டி நேரே மண்டிக்குப் போனது. அங்கே மருதாசலம் என்ற கமிஷன்காரர் ஏலம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய கம்பெனி வந்ததே அவருக்குப் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

“நல்ல காய நாங்க எடுத்துக்கறோம். பொடிக்காய மட்டும் தனியா நீங்க எடுத்துக்கணும். ஓட்டல்காரங்களுக்குச் சின்னக் காய்தான் வேணும்னு கேள்விப்பட்டேன்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்துவிடக் கூடாதே என்று நின்றாள்.

மருதாசலம் டம்ளரை டக்கென்று வைத்தார். “ஏனுங்க, என்ற வாயில மண்ணப் போட்டுப்போட்டு என்றகிட்டயே வந்து கேக்கறீங்க? நெம்பத் தைரியந்தான் உங்களுக்கு. ஏலத்துக்கு நடுவுல கொண்டாந்து பொடிக்காய எறக்குனா அத்தனையும் ரோட்ல கொட்டிப்போடுவேன், ஆமா! எத்தன மணிக்கு வரும்?”

அஃப்ரா கண் கலங்கி வண்டிக்குத் திரும்பினாள். “மாட்டேன்னுட்டாரு. கொட்டிருவாராம்.”

“மேடம்! எடுத்துக்கறேன்னு சொல்லீட்டாருங்க!”

“எப்ப சொன்னாரு?”

“மணி கேட்டாருல்லீங்க? வேண்டாதவன் மணி கேப்பானா?”

அவள் ஓடிப்போய், “பத்து மணிக்குங்க!” என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் கொங்கு ‘ங்க’ அதுதான்.

அன்று மத்தியானம் முப்பத்தெட்டுத் தோட்டத்துக்கும் மறுபடி போனாள். பொடிக்காயும் நம் வண்டியிலேயே மண்டிக்குப் போகும் என்றாள். தருவீர்களா என்று கேட்கவில்லை; சும்மா நின்றாள். சிலர் அப்போதும் பாக்கலாமுங்க என்றார்கள். தெய்வாத்தாள், “பெட்டி எப்பங்க வரும்? மண்டில குடுக்கறாப்ல ஒடஞ்ச பெட்டியக் குடுத்தீங்கன்னா திருப்பி அனுப்பிப்போடுவேன்” என்றாள். அஃப்ரா அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கம் புதிதாக ஒரு கட்டம் வரைந்தாள்: ‘மணி கேட்டவர்கள்.’ இருபத்தாறு பெயர் சேர்ந்தது.

மறுநாள் துடியலூருக்குப் போனது நூற்று நாற்பத்திரண்டு பெட்டிதான். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். ஒரு பெட்டியைக்கூடத் திருப்பவில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. ‘மணி கேட்டவர்கள் என்றால் என்ன?’ என்று தலைமை அலுவலகம் இரண்டு தடவை மின்னஞ்சலில் கேட்டது. அவள் இன்றுவரை பதில் போடவில்லை.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெளியே முஜீப் ஹாரன் அடித்தான். வண்டிக்குப் பக்கத்தில் தெய்வாத்தாள் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள்.

“பொடிக்காய்ங்க. அம்மாகிட்டக் குடுங்க. ரசத்துக்கு இதுக்கு மிஞ்சி ஒண்ணுமில்லீங்க.” பையைக் கொடுத்துவிட்டுக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். “தை மாசம் எம்புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன். வந்துருவீங்கல்ல அம்மணி?”

புது ஊர், புது வேலை, லீவு கிடைக்குமா, எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் அஃப்ராவின் மனதில் ஓடின. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“பாக்கலாமுங்க.”

முஜீப் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். தெய்வாத்தாளின் சிரிப்பு அப்படியே இருந்தது, பிடிதான் தளர்ந்தது. “செரிங்க அம்மணி. பத்திரமாப் போய்ட்டு வாங்க” என்றாள், ரொம்ப மரியாதையாக.

வண்டி நகர்ந்து பொள்ளாச்சி ரோட்டில் திரும்பப் போனது. மடியில் பொடிக்காய் மணத்தது. இந்த ஊர் இந்தச் சொல்லை எப்போது சொல்லும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே சொல்லைத் தெய்வாத்தாளிடமா சொல்லிவிட்டு வந்தாள்?

“நிறுத்துங்க முஜீப்!”

ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

“அக்கா! முகூர்த்தம் எத்தன மணிக்குங்க?”

தூரத்தில் தெய்வாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவள் குரல் வந்தது.

“விடியக்காலம் நாலரைக்கு! முந்துன நாளே வந்து சேரோணும். ஒறம்பரை சனமாட்டம் சோத்துக்கு மட்டும் வந்தீங்கன்னா ஊட்டுக்குள்ள உடமாட்டேன், ஆமா!”