செவ்வாய்க்கிழமைச் சீட்டு

மூன்றாவது சட்டையையும் உதறிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போட்டாள் மகள். பத்து மணிக்குள் ஒரு சட்டையும் பேன்ட்டும் கொண்டுவரும்படி பிணவறையில் சொல்லியிருந்தார்கள். எல்லாச் சட்டையும் பெரிதாக இருந்தது. நேற்று வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த அப்பாவின் கழுத்தை நினைத்தால், இந்தக் காலர்களுக்குள் இன்னொரு கழுத்துக்கும் இடம் இருந்தது. அலமாரிக் கதவில் தொங்கிய பெல்ட்டில், கடைசி ஓட்டைக்கு அப்பால், ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு இருந்தன.

சாப்பிட்டும் இளைக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். வேலையில் தினம் பார்க்கிறாள். சர்க்கரை கைமீறிப் போனவர்கள்.

அடுத்த அறையில் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, கீழ்வீட்டுத் தையல்காரர்தான் வண்டி பிடித்தார், மாரடைப்பு, நாலு மணிக்கு முடிந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கதை கொஞ்சம் வளர்ந்தது. முடிவு மட்டும் மாறவில்லை.

"நாலு வருஷமா வெறும் இலையும் தழையும். ஆடு மாடாவது நடுவுல அசை போடும். எங்கண்ணனுக்கு அதுக்கும் கொடுப்பினை இல்ல."

நேற்று மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் மகளிடம் ஒன்றுதான் கேட்டார். சர்க்கரை எத்தனை நாளாகக் கட்டுப்பாட்டில் இல்லை? கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி நான்கு என்று அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அந்த நேரத்துச் சர்க்கரை, நானூற்றுப் பன்னிரண்டு. வேறு யாருடைய ரத்தமோ மாறிப்போயிருக்கும் என்றாள். அவர் மறுக்கவில்லை. மறுக்காததுதான் அவளுக்கு உறைத்தது. அப்போதிலிருந்து அந்த எண் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இவரை எப்படி அனுப்பிவைப்பது?

அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில், சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரை எழுதுவதுபோலவே காய்கறியும் எழுதிக் கொடுப்பார்கள். காய் நாலு கிலோ, கீரை மூன்று கட்டு, பழம் ஒரு கிலோ, வாரம் ஒருமுறை. மருந்து ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னலில் சீட்டைக் காட்டினால் காசில்லாமல் கிடைக்கும். எடை போட்டுப் பை கட்டிக் கொடுப்பது அவள் வேலை. கீரைப் பொண்ணு என்பார்கள் அவளை. கூட இருப்பவள் பழ அக்கா. அந்த ஜன்னலுக்கே கசப்புக் கடை என்று பெயர்.

அப்பா லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். அம்மா போன பிறகு மகள் கிளினிக் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். தூரம்தான் காரணம், சண்டை இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூட இருவரும் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்து, அங்கேயே சீட்டும் எழுதப்பட்டபோது, அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அங்க நான் உனக்கு அப்பா இல்ல, டோக்கன் நம்பர். சலுகை அது இதுன்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது."

அவளுக்கும் அது வசதியாக இருந்தது. தன் வீட்டைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வராது. நாலு வருடம், செவ்வாய்க்கிழமைதோறும், அவர் வரிசையில் வந்தார். "அடுத்து" என்பாள். சீட்டை நீட்டுவார். பையைத் தள்ளுவாள். பீன்ஸ் முத்தலாக இருக்கிறதே என்று எப்போதாவது சொல்வார், மாற்றிக் கொடுப்பாள். எல்லாருக்கும் மாற்றிக் கொடுக்கிற மாதிரிதான். பழ அக்காவுக்கு அவர் லிஃப்ட்காரர், அவ்வளவே.

மூன்று மாதச் சர்க்கரை இரண்டு தடவை தொடர்ந்து ஏழுக்குக் கீழே வந்தால் சீட்டு நின்றுவிடும். காத்திருப்போர் பட்டியல் அனுமார் வால். ஆனால், தனியாக இருக்கிறார், இன்னும் கொஞ்ச நாள் தொடரலாம் என்று ஜன்னலில் இருப்பவர்கள் ஒரு வரி எழுதினால் டாக்டர் நீட்டித்துக் கொடுப்பார். எத்தனையோ பேருக்கு அவள் எழுதியிருக்கிறாள். ஏழு மாதம் முன்பு அப்பாவின் தாளில் இரண்டாம் தடவையும் ஏழுக்குக் கீழே, 6.4 என்று வந்தபோது, அந்த ஒரு வரிக்கான கோட்டின் மேல் பேனா நின்றது. அப்பா என்பதாலேயே எழுதவில்லை. 'நிறைவு' என்ற முத்திரையைக் குத்தினாள். சந்தோஷமாகத்தான் குத்தினாள்.

அவர் முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இனிமே வர வேண்டாமா?"

"வேண்டாம். நல்லாயிடுச்சு."

"நல்லதுதான்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவதாக அன்று போனில் சொன்னாள். மூன்று ஞாயிறு வந்தாள். இருவரும் தொலைக்காட்சி பார்த்தார்கள். நீட்ட ஒரு சீட்டும் தள்ள ஒரு பையும் இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. பிறகு மழை, பிறகு வேலை, பிறகு போன். "நல்லாருக்கீங்களாப்பா?" "இருக்கேம்மா." கடைசியாக முகத்தைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

வாசலில் தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். கையில் மடித்த நீலச் சட்டை. அண்ணன் போன வாரம் குறுக்கக் கொடுத்தது என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் கண்டிப்பாக வேண்டும், வெளியே போகிற வேலை இருக்கிறது என்றாராம்.

"இன்னைக்குத்தாம்மா செவ்வாய்."

அவள் வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றவர், சொல்லலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுச் சொன்னார். அண்ணன் சில மாதமாகச் சாயங்காலமானால் கிரீம் பிஸ்கெட்டும் கலர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு படியேறுவார். சர்க்கரைக்காரர் ஆயிற்றே என்று இவரும் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்.

"என்னண்ணே, சின்னப் புள்ளையாட்டம்னேன். 'மருந்து தம்பி, கண்ண மூடிட்டு முழுங்க வேண்டியதுதான்'னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

அவளுக்கும் புரியவில்லை. சமையலறைக்குப் போய் மேல்தட்டைத் திறந்தாள். பிஸ்கெட் பாக்கெட்டுகள் உயரவாரியாக அடுக்கியிருந்தன, அப்பா ஸ்பேனர்களை அடுக்குகிற மாதிரி. பின்னால் வந்து நின்ற அத்தையும் பார்த்தாள்.

"இது யாருக்கு? இனிப்புன்னாலே மூஞ்சியச் சுளிப்பாரே. என் கல்யாணத்துலயே ஒரு விள்ளல் வாயில வெக்கல, அவ்ளோ கெஞ்சினேன்."

பாக்கெட்டுகளின் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று இருந்தது. வேலையிலிருந்து கொண்டுவந்த லிஃப்ட் பராமரிப்பு நோட்டு. தேதி, தளம், பழுது, செய்த வேலை என்று அச்சிட்ட கட்டங்கள். தளம் என்ற கட்டத்தில் தன் சர்க்கரையை எழுதியிருந்தார்.

104. போதாது.

118. போதாது. இனிப்பு கூட்டவும்.

நோயாளிகளின் சர்க்கரை நோட்டுகளை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அதிகம் என்று எழுதுவார்கள், பரவாயில்லை என்று எழுதுவார்கள். போதாது என்று ஒருவரும் எழுதி அவள் பார்த்ததில்லை. எழுத்து மாறி எழுதிவிட்டாரோ என்று பக்கத்தைத் திருப்பினாள்.

131. போதாது. மாத்திரை நிறுத்தம்.

190. பரவாயில்லை.

246. தலைசுற்றல். பொறுக்கவும்.

நாலு பக்கம் அப்படியே ஏறிக்கொண்டு போனது. போன வெள்ளிக்கிழமைக்கு நேராக, மற்றதைவிடப் பெரிய எழுத்தில்: மூன்று மாதம் 9.6. சீட்டு எழுதிவிட்டார்கள். செவ்வாய் முதல் ஜன்னலுக்குப் போகலாம். புதன் முதல் மாத்திரை, பத்தியம் எல்லாம் பழையபடி.

அதற்குக் கீழே கட்டங்கள் காலியாக இருந்தன.

அத்தை என்ன நோட்டு அது என்று கேட்டாள். சர்க்கரை நோட்டு என்றாள் மகள். அத்தை கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. சட்டையோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

படியிறங்கும்போது போன் அடித்தது. பழ அக்கா. இன்று வரமாட்டேன் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் எழுதி அனுப்பியிருக்கவில்லை.

"லீவுல தொந்தரவு பண்றேன், கோச்சுக்காத. நம்ம லிஃப்ட்காரர் பேரு மறுபடி லிஸ்ட்ல வந்திருக்கு. மொத ஆளா வந்து பெஞ்சுல உக்காந்திருப்பாரே, ஆளக் காணோம். பை கட்டி வெச்சிருக்கேன். அஞ்சு மணி பாத்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்துடவா?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே நின்றாள்.

"வீட்டு ஆளுங்க வந்து வாங்கலாம்ல?"

"வாங்கலாம். என்ன உறவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். உனக்குத் தெரியாத ரூலா? ஆனா அவருக்கு யாரு இருக்கா, ஒத்தையாத்தான வருவாரு."

"ஒரு பொண்ணு இருக்கு" என்றாள் மகள். "வைங்க. வருவா."

நீலச் சட்டை அவருக்குக் கச்சிதமாக இருந்தது. பிணவறையில் பொத்தான் போட்டுவிட்டவர்கூட அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்றார். வந்தவர்கள் குறைவு. பழைய லிஃப்ட்காரர்கள் நாலு பேர் ஒரு ஓரமாக நின்று, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்குள் எவ்வளவு நேரம் அவரோடு மாட்டிக்கொண்டிருந்தோம் என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு பேச்சுப் பேசாமல் இரண்டு மணி நேரம் நின்றாராம். அதைச் சொன்னவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அத்தை அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். இன்றைக்கா என்று அத்தை கேட்டாள். அஞ்சு மணிக்கு மூடிவிடுவார்கள் என்றாள்.

ஊழியர் வாசல் வழியாகப் போகாமல் முன்வாசல் வழியாகக் கிளினிக்குக்குள் போனாள். டோக்கன் எடுத்தாள். பதினேழு. இப்போது நடப்பது பதினொன்று. சுவரோரம் நீளப் பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். முகம் கழுவித் தலை கலைந்திருந்த அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கீரைப் பொண்ணு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள்தானே.

உள்ளேயிருந்து பார்த்தால் கைகளும் சீட்டுகளும்தான் தெரியும். பெஞ்சிலிருந்து ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. அதற்குள் விளக்கு எரிந்தது. பழ அக்கா குனிந்து எடை வைத்தாள், நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள், தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள், ஒரு கட்டு கீரையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நாலு வருடச் செவ்வாய்க்கிழமைகளில் மகளுக்கும் அது தெரிந்ததில்லை.

எண்கள் நகர்ந்தன. பக்கத்திலிருந்த ஓர் அம்மா முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"உன் நம்பர் வந்துருச்சு பாரும்மா. எந்திரி."

"நீங்க போங்க" என்றாள். "நான் அப்புறம் போறேன்."

அந்த அம்மா எழுந்து போனாள். மகள் பெஞ்சில் ஓர் இடம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.