இடது கைக் கெண்டி

ஜப்பானில், தொகொனாமே ஊரில் நாங்கள் செய்யும் டீக்கெண்டிக்குக் கைப்பிடி பின்னால் இருக்காது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். வலது கையால் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்தி, மணிக்கட்டை உள்பக்கம் சாய்த்தால் டீ ஒழுங்காகக் கோப்பையில் விழும். இடது கையால் பிடித்தால் கெண்டியின் மூக்கு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும், கையை முறுக்கித்தான் ஊற்ற வேண்டும். அதையே வரைந்து வரைந்து சம்பளம் வாங்குகிறவள் நான். குகிமியா வரும்வரை எனக்கு இது உறைக்கவே இல்லை.

அவர் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாற்றலில் வந்தவர். அப்படி வருகிறவர்களை ஏப்ரல் பிறந்தால் வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையால்தான். மூன்று மணி டீக்கு மட்டும், யோசனையில் இருக்கும்போது, இடது கை தானாக நீளும். மேசை நனையும்.

"பாதி டீ மேசைக்குத்தான் போகுது, குகிமியா சான்," என்று சூளையைக் கவனிக்கும் தமாகி அக்கா சீண்டுவாள்.

"அதுக்கும் தாகம் எடுக்கும்ல," என்று சொல்லிக்கொண்டே அவர் கைக்குட்டையால் துடைப்பார்.

அந்தப் பதிலில்தான் நான் விழுந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் ஒரு கெண்டி செய்தேன். கைப்பிடியை மறுபக்கம் ஒட்டினால் போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அவர் விரல்கள் நீளமானவை, பிடி போதவில்லை. மூக்கு நுனியில் சொட்டு நின்றது. உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். இலையுதிர் காலம் முடியும்போது ஒன்று தேறியது. யாரிடமும் சொல்லாமல் டீ மேசையில் வைத்தேன்.

முதலில் எடுத்தது தமாகி அக்கா. டீ அவள் சட்டைக்கை வழியாக இறங்கியது.

"எந்தப் பைத்தியம்டி இதச் செஞ்சது?"

அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. குகிமியா மட்டும் எடுத்தார், இடது கையால். ஊற்றினார், குடித்தார், ஏதோ சரக்கு லாரி வரவில்லை என்று புலம்பினார். கெண்டியை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. குளிர்காலம் முழுவதும் அப்படியே. கைக்குட்டை மடிப்புக் கலையாமல் பையிலேயே கிடந்தது. இன்றைக்காவது கேட்பார், நாளைக்காவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கை உணராத அளவுக்குச் செய்துவிட்ட என் திறமையை நானே திட்டிக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் வடக்கே அகிதாவுக்கு மாற்றல் வந்தது. பூங்கொத்துக் கொடுத்தோம். "இந்த ஆபீஸ் டீ ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். அன்று கழிவறையில் போய் அழுதேன்.

மே மாதத்தில் ஒரு நாள் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"ஒண்ணு கேக்கணும். இங்க வந்ததுலேருந்து மறுபடியும் டீ சிந்துது. கைல ஏதாவது கோளாறோன்னு பயமா இருக்கு. அங்க குளிர்காலம் பூரா ஒரு சொட்டு சிந்தலயே."

"கைக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கெண்டி இடது கைக்குன்னு செஞ்சது."

"யாரு செஞ்சாங்க?"

"நான்தான்."



"சின்ன வயசுலயே அம்மா என்னை வலது கைக்கு மாத்திட்டாங்க. எனக்கு இடது கைப் பழக்கம்னு ஆபீஸ்ல யாருக்குமே தெரியாதே. உங்களுக்கு எப்படி..."

"பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பார்சல்ல அனுப்பட்டுமா?"

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும். வந்து ஊத்திக்கிறேன்."

எப்போது என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. மூன்று மணிக்கு எல்லோரும் கோப்பையோடு எழுந்தால், நான் வாசலைப் பார்க்கிறேன்.