காய்ந்துவிட்டதா என்று

பானெட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். பொம்மைக் காரின் மற்ற நாற்பத்தொரு பாகங்களும் பழைய பெயின்ட் உரிக்கப்பட்டு, துணிமேல் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஓர் எண். எந்தத் திருகாணி எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு படம். பழைய பொருட்களைப் புதுப்பிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் என்னைத் தவிர யாரும் இப்படி எழுதுவதில்லை. எழுதியதை இரண்டாவது முறை சரிபார்க்காவிட்டால் எனக்குக் கை ஓடாது.

கையடக்கமான உலோகக் கார் அது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அப்பா பெட்டியில் பாகம் பாகமாக வாங்கி, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துப் பூட்டியது. சிவப்புப் பெயின்ட் அடித்துக் காய வைத்த அன்று பானெட்டில் ஒரு விரல் பதிந்துவிட்டது. எட்டு வயது அண்ணன்தான் என்று முடிவாகி, அடி விழுந்தது. "நான் இல்லப்பா" என்று அழுதானாம். எனக்கு அப்போது மூன்று வயது. எனக்கு ஞாபகம் இருப்பது அந்த அடி அல்ல, அதற்குப் பிறகு வந்த பேச்சு. ரேடியோ நின்றுபோனால், குழாய் ஒழுகினால், "அவன் கை வெச்சிருப்பான்." நாளாக ஆக அது வீட்டு வேடிக்கையாகி, அண்ணனே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிக்கத் தொடங்கினான். இன்றைக்கும் ஒரு திருகாணி முடுக்க ஆளைக் கூப்பிடுகிறான்.

சிவப்பையே அடிக்கட்டுமா என்று கேட்க நேற்று அவனுக்குப் போன் செய்தேன்.

"ஏய் மெக்கானிக்கு! ஞாயித்துக்கிழமை நாங்க வர்றதுக்குள்ள அதத் தூக்கிப் பரண்ல போட்டுடு. நான் பாத்தாலே பெயின்ட் உரிஞ்சிரும்."

"பாப்பா எப்படி இருக்கா?"

"மூணு மாசம் ஆச்சு. நல்லாக் கத்துறா. உங்கண்ணி தூக்கி வெச்சுக்குவா, நான் பக்கத்துல நின்னு வேடிக்க காட்டுவேன்."

"நீ தூக்க மாட்டியா?"

"என் கை ராசிதான் உனக்குத் தெரியுமே."

சிரித்தான். நான் சேர்ந்து சிரிப்பதற்குள் நிறுத்திவிட்டான்.

இன்று, பெயின்ட் உரிக்கும் திரவ டப்பாவில் பிரஷை நனைத்த பிறகு, எதற்கும் ஒரு தடவை என்று பூதக்கண்ணாடியில் பானெட்டைப் பார்த்தேன். ரேகை தெளிவாக இருந்தது. அதன் குறுக்கே, சாய்வாக, ஒரு கோடு. கீறல் என்று நினைத்தேன். கீறலென்றால் பள்ளமாக இருக்கும், இது மேடு. விரல் பதிவின் அகலத்தை அளந்தேன். என் கட்டைவிரலைவிடப் பெரியது.

அப்பா கண்ணாடி வெட்டும் கடையில் வேலை பார்த்தவர். அவருடைய வலது கட்டைவிரலில் சாய்வாக, பள்ளமாக ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே பட்டது.

பிரஷைக் கீழே வைத்தேன். தப்பாகப் பார்க்கிறேனோ என்று இன்னும் இரண்டு முறை அளந்தேன். போன வாரம் வகுப்பில், நான் பெயின்ட் அடித்து வைத்திருந்த தகட்டில் யார் விரல் வைத்தது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் என் கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். விரல் நுனி நீலமாக இருந்தது. "காஞ்சிருச்சான்னு பாக்கக் கை தானாப் போகும்மா," என்றார். "போனது நமக்கே தெரியாது."

அப்பா எட்டிப் பார்த்தார்.

"அத மட்டும் ஏம்மா விட்டு வெச்சிருக்கே? அந்தக் கழுத வெச்ச கை. மொதல்ல அதத்தானே உரிக்கணும்?"

வாய்வரை வந்தது. ஆனால் நான் பார்த்தது சரிதானா? பூதக்கண்ணாடியை மட்டும் நீட்டினேன்.

பானெட்டோடு ஜன்னலருகே போய் நின்று பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வலது கட்டைவிரலை ரேகைக்கு மேலே கொண்டுபோய், தொடாமல், ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினார்.

"அவன் எப்ப வர்றான்?"

"ஞாயித்துக்கிழமை. மூணு பேரும்."

பானெட்டைத் துணிமேல் வைத்தார். "அந்த டப்பாவ மூடி வை," என்றார். சாம்பல் நிறப் பாகங்களுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் சிவப்பாகக் கிடந்தது. அப்பா கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றிருந்தார்.