ஹெர்னானியின் தொடையில் வெள்ளைக் கோடுகள்

இலோய்லோ நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு மருந்து ஏற்றும் அறையில் ஹெர்னானி ஒருவன்தான் ஆண். ஒருவன்தான் அறுபதைத் தாண்டாதவன். அவனுக்குப் பதினெட்டு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், இது மாதவிடாய் நின்ற பெண்களுக்கானது என்று சொன்னது. ஹெர்னானிக்கும் நின்றுதான் இருந்தது, பிறந்ததிலிருந்தே.

கண்ணாடி எலும்போடு பிறந்தவன். தும்மினால் விலா உடையும். அதற்கென்று மருந்து எதுவும் கிடையாது. அவனுக்கு ஐந்து வயதானபோது டாக்டர் சால்வில்லா, வேறு வழியில்லாமல், தாளில் எழுதாத காரியத்துக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். பையன் எழுந்து நின்றான். பிறகு நடந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை, மே மாதச் சிலுவை ஊர்வலத்தில், ராணி வேஷம் போடும் ஜோவிலினுக்குத் துணையாகத் தெரு முழுக்க நடக்கப்போகிறான். வலது தொடை சில வாரமாக வலிக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்க விடமாட்டார்கள்.

"என்ன மாப்ளே, அவ இடுப்புக்குத்தான வருவ நீ?" என்றாள் பெர்லிட்டா. அவள் மீன் விற்பவள். மருந்தை எப்போதோ நிறுத்திவிட்டாள்; இப்போது தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு வம்பு பேச வருகிறாள்.

"கவுனோட வாலை மிதிக்காம பாத்துக்க இந்த உயரம்தான் சரிக்கா."

"புது செருப்பா? நல்லா பழக்கிக்கோ. நானும் தொடை வலிக்குதுன்னு மூணு செருப்பு மாத்துனேன். கடைசில பாத்தா செருப்பு மேல தப்பே இல்ல."

"அப்புறம்?"

"கடைல சும்மா நிக்கிறேன். கைல ஒரு மீனு. டக்குன்னு தொடை முறிஞ்சுது. அதுக்கப்புறம்தான் விழுந்தேன். எல்லாரும் விழுந்து முறிப்பாங்க, நான் முறிஞ்சு விழுந்தேன். பத்து வருஷம் இதே மருந்து."

சுற்றிலும் இருந்த பெண்கள் இந்தக் கதையை முதல்முறை கேட்பதுபோலச் சிரித்தார்கள். ஹெர்னானி தன் செருப்பைப் பார்த்தான். அவனும் இரண்டாவது ஜோடிக்கு வந்திருந்தான்.

டாக்டர் ஊசியோடு வந்தார். "எங்கயாவது வலி இருக்கா?"

"இதயத்துல" என்பது அவன் வழக்கமான பதில். வாயைத் திறந்தான். "வலது தொடைல, டாக்டர்."

ஊசி தட்டுக்குத் திரும்பிப் போனது.

எக்ஸ்ரே திரையில் வந்தபோது அவன் முதலில் பார்த்தது வலிக்கிற இடத்தை அல்ல. முழங்காலுக்கு மேலே, எலும்புக்குக் குறுக்கே, மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ உள்ளே உட்கார்ந்து பொறுமையாகக் கோலம் போட ஆரம்பித்ததுபோல.

"இதெல்லாம் என்ன?"

"மருந்து ஏத்துன ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. நீ வளர வளர மேல போயிருக்கு. உச்சில இருக்கறது அஞ்சு வயசு."

ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகலமாக இருந்தது. புயலில் பாலம் போய், மருந்துக்கு வர முடியாத வருஷம். அந்தப் புயலை ஊரே மறந்துவிட்டது. அவன் தொடை மறக்கவில்லை.

டாக்டரின் விரல் மேலே நகர்ந்து, எலும்பின் வெளிப்பக்கத்தில் பருபோல ஒரு புடைப்பில் நின்றது. "இங்க உடையப் பாக்குது. மருந்து உன் எலும்பு கரையாம காப்பாத்துச்சு. ஆனா பழசு கரைஞ்சாத்தான் விரிசலும் சரியாகும். உன்ன மாதிரி ஆளுக்கு எத்தனை வருஷம் போதும்னு எந்தத் தாள்லயும் இல்ல. எனக்கும் தெரியல. இன்னையோட நிறுத்துறோம். உள்ள ஒரு கம்பி வைக்கணும்."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வச்சா?"

"தெருவுலயே முறிஞ்சு விழுவ."

வெளியே வந்து ஜோவிலினுக்குப் போன் செய்தான். இப்போது சக்கர நாற்காலியில் இருந்தான். "நான் உக்காந்துக்கிட்டு வந்தா பரவால்லையா?"

"யாரு தள்றது?"

பெர்லிட்டா ஏற்கெனவே கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அவன் அவள் பெயரைச் சொன்னான்.

"என் கவுனை மிதிக்காம தள்ளச் சொல்லு" என்றாள் ஜோவிலின்.

போனில் எக்ஸ்ரேயைப் படமெடுத்து வைத்திருந்தான். பெர்லிட்டா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கடைசிக் கோட்டுக்குக் கீழே வெறும் எலும்பு. அங்கே இனி கோடு வராது. ஹெர்னானி முழங்காலுக்கு மேலே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தான். பதிமூன்று வருஷம் அடியிலே இருந்தது. தோலில் ஒன்றுமே தட்டுப்படவில்லை.