பழனிசாமியின் மீசை

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், ரசம் வாளி வைக்கும் பெஞ்சுக்கு நேர் மேலே, மூன்று வார்டன்களின் படங்கள் தொங்கின. கப்பலில் வந்து, அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்து, கப்பலில் திரும்பிப் போன மூன்று பெரிய மனிதர்கள். போர்ட் பிளேரில் அந்தக் கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவள் சந்திரமதி. தாவரவியல் சொல்லிக்கொடுப்பாள், மற்ற நேரமெல்லாம் விடுதியைக் கட்டி மேய்ப்பாள். அந்த முகங்களைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது என்று சொல்ல முடியாது. நன்றாகவே இறங்கும். தொட்டுக்கொள்ளத்தான் அந்த முகங்கள் இருந்தனவே.

முதலாமவர் இராமகிருஷ்ணன். கொசுவுக்குப் பயந்து படுக்கையிலும் காலுறை போட்டவர். செவ்வாய், வெள்ளிகளில் விடுதியில் மீன் கூடாது என்று சட்டம் போட்டார். காய்கறி கப்பலில் வந்து இறங்குவதற்குள் பாதி அழுகிப்போகும் ஊர். கடலில் காலை வைத்தால் மீன் இடறும் ஊர். அங்கே இப்படி ஒரு சட்டம்! கார் நிகோபாரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் அந்த நாட்களில் தட்டிலிருந்த பருப்பைப் பார்த்து முழித்தார்கள்.

இரண்டாமவர் ராஜமாணிக்கம். அவர் வந்தது இந்தக் காடுகளில் விளையும் படாக் மரத்துக்காக. கட்டில், பீரோ, ஊஞ்சல் என்று மகள் கல்யாணச் சீர் முழுவதையும் இங்கேயே இழைத்து முடித்தார். விடுதிப் பிள்ளைகள் பாயில் படுத்தார்கள். அவர் ஊர் திரும்பிய கப்பலில் மனிதர்கள் ஏற இடமிருந்ததா என்று சந்திரமதிக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

மூன்றாமவர் பழனிசாமிதான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர். மெட்ராஸில் கப்பல் ஏறியதிலிருந்து வாந்தி எடுத்து, துறைமுகத்தில் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு இறங்கினார். வாயை மூடிய கைக்குட்டையை எடுக்கவேயில்லை. வேலையில் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே கப்பலில் திரும்பிப் போனார். அப்புறம் லீவு, லீவுக்கு மேல் லீவு. இப்படியே இரண்டு வருஷம் அந்தமானில் வார்டனாக இருந்துவிட்டார். முடிந்ததும் தன் போட்டோவைத் தபாலில் அனுப்பி, மாட்டச் சொன்னாரே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்!

அந்த இரண்டு வருஷமும் விடுதியை நடத்தியவள் சந்திரமதி. பெண்பிள்ளைக்கு வார்டன் ஆர்டர் போட மாட்டார்களாம். 'டெம்பரரி இன்சார்ஜ்' என்றார்கள். புயலில் சமையலறைக் கூரை பறந்தபோது மழையில் நின்று தகரம் அடிக்க வைத்தவள் அவள். ஒரு மாதம் முழுக்கக் கப்பல் வராமல் ஊர்க் கடைகளில் அரிசி காலியானபோது, படகு பிடித்து ஹேவ்லாக் தீவுக்குப் போய், அங்கே குடியேறியிருந்த வங்காளிகளிடம் கெஞ்சி நெல்லும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு வந்தவளும் அவள்தான். ஒரு பிள்ளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

அவளுக்கும் அந்தச் சுவரில் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை இருந்தது. கேலி பேசுகிற வாய்க்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருந்தாள். ஒரே ஒருமுறை, இப்போதைய வார்டன் பாலசுப்பிரமணியத்திடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"மேடம், நீங்க இன்சார்ஜ்தானே?" என்று அவர் சிரித்தார். "இன்சார்ஜுக்கெல்லாம் படம் வெச்சா, நாளைக்கு நம்ம சமையல்காரனும் எனக்கும் ஒண்ணு மாட்டுன்னு நிப்பான்."

அந்த வருஷ ஆண்டுவிழாவுக்குக் கமிஷனர் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. பாலசுப்பிரமணியம் சுவரைப் பார்த்தார். சமையலறை ஆவியும் ஊர் ஈரமும் சேர்ந்து போட்டோக்களில் பூஞ்சை ஏறியிருந்தது. எல்லாவற்றையும் எண்ணெய் வண்ணத்தில் புதிதாக வரையச் சொன்னார். வரிசையில் நான்காவதாகத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பதவியில் இருக்கும்போதே தன் படத்தைத் தானே மாட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் முந்தைய மூவருக்கும் இல்லாமல் போய்விட்டது, பாவம்.

வரைய வந்தவன் கஸ்பார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். படகுகளுக்குப் பெயரும், கோயிலுக்கு மாதா படமும் எழுதுகிறவன். பழைய படச் சட்டங்களில் வார்டன்களின் பெயர்களைப் படகுப் பெயின்டால் எழுதியவனும் அவன்தான். முதல் இரண்டு பேரை மிச்சமிருந்த மூக்கையும் காதையும் வைத்து ஒப்பேற்றிவிட்டான். பாலசுப்பிரமணியம் நேரிலேயே இருந்தார். மூன்றாவது சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்திரமதியிடம் வந்தான்.

"டீச்சரே, இவரு மூஞ்சி பூராத்தையும் பூஞ்சை தின்னுட்டு. ஆளு எப்படி இருப்பாரு?"

"நேர்ல கண்ணு ரெண்டும் பாத்தேன். மிச்சமெல்லாம் கைக்குட்டை. போட்டோ கப்பல்ல வந்தப்பவே பாதி நனைஞ்சிருந்துச்சு."

"வார்டன் சாரு, ஏதாவது ஒரு மூஞ்சியப் போடு, கோட்டும் டையும் இருந்தா போதும்ங்காரு. ஆளப் பாக்காம எனக்கு வராது, டீச்சரே. மாதா படம்னாலும் வீட்ல எம் பொஞ்சாதி ரோசலின உக்கார வச்சுதான் எழுதுவேன்." தயங்கினான். "நீங்க செத்த உக்காருதியளா?"

சந்திரமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர்களுக்கு இதுதான் சரி என்று தோன்றியது. தங்காதவனின் பெயருக்கு மேலே தங்கியவளின் முகம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றிச் சாப்பிடட்டும், முட்டாள்கள்.

"உக்காருறேன். மீசை மட்டும் நல்லா பெருசா வெச்சிடு," என்றாள்.

கஸ்பார் கெட்டிக்காரன். நாடி, புருவம், சற்றே தூக்கிய இடது கண், எல்லாம் அவள்தான். கோட்டும் மீசையும் மட்டும் வேறு யாருடையதோ. மழைக்காலமானதால் விழா அன்று காலைவரை வண்ணம் காயவில்லை. "ஒரு வாரத்துக்கு யாரையும் தொட விடாதிய," என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனான்.

விழாவில் அதிகாரி படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவதன் முன் நின்றுவிட்டார். பிள்ளைகள் இலை முன்னால் காத்திருந்தார்கள். அவர்களுக்கு எதிர்ப் பெஞ்சில் சந்திரமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவர் முகத்திலேயே ஒரு உறுதி தெரியுதே," என்றார் அதிகாரி. "யார் இவர்?"

பாலசுப்பிரமணியத்துக்குப் பழனிசாமியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, அந்தக் காலத்துக் கூரைக் கதையும் அரிசிக் கதையும் மட்டும் காதில் விழுந்திருந்தன. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது.

"பழனிசாமி சார். அவர் காலத்துலதான் சார் புயல்ல கூரை போச்சு. மழையில நின்னு சரி பண்ணினார். ஒரு மாசம் கப்பலே வரலை. தானே படகுல ஹேவ்லாக் போய் நெல்லு கொண்டாந்து பசங்களுக்குச் சோறு போட்டார். தெய்வம் மாதிரி மனுஷன்."

அதிகாரி படத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

சந்திரமதியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர்களைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு, எதை இத்தனை வருஷம் தர மறுத்தார்களோ அதைத் தன் கையாலேயே பழனிசாமிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். கூரையையும் படகையும் நெல்லையும் இந்த ஆள் திருடிக்கொண்டான். மீதியிருந்தது முகம் ஒன்றுதான். அதையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

எழுந்தாள். ரசம் வாளியை நகர்த்திவிட்டு பெஞ்சின் மேல் ஏறினாள்.

"மேடம், மேடம்! பெயின்ட் காயலை!" என்று பாலசுப்பிரமணியம் பதறினார்.

"தெரியும் சார். அதுனாலதான்."

முந்தானையை விரலில் சுற்றி மீசையை அழுத்தித் துடைத்தாள். இடது பக்கம் வந்தது. வலது பக்கம் கொஞ்சம் கன்னத்தில் இழுத்துக்கொண்டது. அதையும் ஒற்றி எடுத்தாள். பாயச வாளியோடு வந்த சமையல்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"அரே, யே தோ அப்னி மேடம் ஹை! நம்ம மேடம்!" என்று கத்தினார்.

பிள்ளைகள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பாலசுப்பிரமணியம் நான்காவது படத்தின் அடியில் போய் நின்றுகொண்டார், அதையும் யாராவது துடைத்துவிடுவார்கள் என்பது போல.

சந்திரமதி இறங்கவில்லை. சட்டத்தின் கீழே இருந்த பெயரையும் முந்தானையால் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள். கஸ்பார் அதைப் பல வருஷங்களுக்கு முன்பே, உப்புத் தண்ணீருக்கும் அசையாத படகுப் பெயின்டில் எழுதியிருந்தான். முந்தானைதான் கிழிந்தது.