ஒன்பது கல்லும் நாலடி இடமும்

என் மனைவியின் வலப்பக்கத்தில் நாலடி இரண்டங்குல அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. அது எனக்கு வேண்டும் என்று கல்லறைக் கமிட்டியிடம் கேட்டேன். என் வயது முப்பத்துமூன்று. இதற்கு என்ன அவசரம் என்றார்கள். அவசரமில்லை, ஆனால் முடிவாகத் தெரிய வேண்டும் என்றேன்.

டெர்வ்லா கிடப்பது புனித டார்னன் மடத்தின் இடிபாடுகளுக்குள். கூரையில்லாத கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டி. அவளுடைய குழியில் அடியில் தாத்தா, நடுவில் அப்பா, மேலே அவள். அதற்குமேல் அதில் இடம் கிடையாது. பக்கத்துத் துண்டுதான் மிச்சம். அந்தத் துண்டுக்கு அந்தப் பக்கம் மல்லாக்கி டெவனியின் அம்மா கிடக்கிறார்.

மல்லாக்கிக்கு எழுபத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. முப்பது ஆடுகள். மடத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம் அவருடையது. துண்டும் தனக்குத்தான் என்றார்.

“சொந்தக்காரங்க யாராவது இங்க கிடந்தாத்தான் இடம். டிப்பரரியிலேருந்து வந்தவன் நீ, உனக்கு யாரு கிடக்கறா?”

“என் பெண்டாட்டி.”

“அது அவ குழிக்குத்தான் செல்லும். குழி நிரம்பிப்போச்சு. பஸ்ஸு மாதிரிதான் தம்பி. இடமில்லைன்னா இல்லை.”

கமிட்டியின் செயலாளர் நோரீன். டெர்வ்லாவின் அம்மா. பேனாவைக் கீழே வைத்தார்.

“மல்லாக்கி, நீ மூணாங்கிளாஸ்லயே அடுத்தவ பெஞ்சுல உக்காந்துட்டு எழுந்திருக்க மாட்டே.”

“அது என் பெஞ்சு, நோரீன்.”

“அறுபத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் அதையே சொல்றான் பாரு.”

அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாக எழுதிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மதியம்.

என் வேலை பழைய கற்களை அளப்பது, வரைவது, படம் எடுப்பது. மடங்கள், சிலுவைக் கற்கள், கிணறுகள். மேற்குக் கடற்கரையில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. அந்த மாதம் டார்னன் மடத்துக் கற்களின் முறை.

கோயிலுக்கு வெளியே, இடுப்பளவு உயரத்தில், சாந்து இல்லாமல் கல்லடுக்கிய ஒரு பீடம் இருக்கிறது. அதன்மேல் ரொட்டி அளவில் ஒன்பது உருண்டைக் கற்கள். பீடத்தை வலம் வந்து கற்களை வலப்பக்கமாகத் திருப்பினால் அது வேண்டுதல். இடமாகச் சுற்றி இடப்பக்கமாகத் திருப்பினால் அது சாபம். சாபத்தில் நியாயம் இல்லையென்றால் போட்டவன் தலைக்கே திரும்பி வரும். ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். கல்லூரியில் இதைப் பற்றிப் பன்னிரண்டாயிரம் சொற்கள் எழுதித் தேறியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது கற்களையும் தூக்கி அடிப்பக்கத்தைப் படம் எடுத்தேன். சூரியன் தாழ்வாக இருந்தது. என் நிழல் கல்மேல் விழாமல் நகர்ந்து நகர்ந்து போனேன். ஒவ்வொன்றையும் புரட்டி, எடுத்து, வைத்தேன். முடித்து நிமிர்ந்தபோதுதான் இடமாகச் சுற்றி வந்திருப்பது தெரிந்தது. கற்களும் இடமாகத்தான் திரும்பியிருந்தன. சரி என்று நினைத்துக்கொண்டு கேமராவை மூடினேன். டெர்வ்லா போன இந்த இரண்டு வருடமாக நான் அப்படித்தான். எது நடந்தாலும் சரி.

சுவருக்கு அப்பால் மல்லாக்கி நின்றிருந்தார். கையில் ஆட்டுத் தீவன வாளி. கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

அன்று மதியம் மல்லாக்கியின் கீழ்ப் பல்செட் ஒரு ஸ்கோன் ரொட்டியில் சிக்கி உடைந்தது. செவ்வாய்க்கிழமை அவருடைய கிடா சதுப்பு வாய்க்காலில் விழுந்தது. கிடா வெளியே வந்துவிட்டது. மல்லாக்கியின் ஒரு பூட்ஸ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது அவர் வீட்டு டிவி அணைந்தது. அந்த நாலு நிமிடத்தில் எங்கள் மாவட்ட அணி தோற்றது. அதற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் அணி தோற்பதற்கு வெளியிலிருந்து யாரும் உதவ வேண்டியதில்லை.

அதே வாரம் பப்பில் நடந்த குலுக்கலில் எனக்கு ஒரு முழு ஹாம், உப்பிட்ட பன்றித் தொடை, விழுந்தது. நான் சீட்டு வாங்கியதே நினைவில்லை. அதை நோரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் தோளைத் தட்டினார். முகம் பளபளத்தது.

“மாப்பிள்ளை, உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே.”

“எப்படி ஒரு ஆள்?”

“ஊரே பேசுது. மல்லாக்கி மேல கல்லைத் திருப்பிட்டியாமே. எங்க அம்மாகூட ஒருதடவைதான் செஞ்சா. அதுவும் வரி வசூலிக்க வந்தவன் மேல.”

“நான் படம் எடுத்தேன், நோரீன்.”

“எடுத்தியோ, திருப்பினியோ. அவனுக்குப் பல்லு போச்சு, பூட்ஸ் போச்சு, டிவி போச்சு. உனக்கு ஹாம் வந்திருக்கு. நியாயம் யார் பக்கம்னு புனிதரே சொல்லிட்டார்.” குரலைத் தாழ்த்தினார். “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. அவனே விட்டுக்கொடுத்துடுவான்.”

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சுலபம். நாலு நாள் இருந்தேன். கடைக்காரம்மா என் சில்லறையைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார். தபால்காரர் கடிதங்களைத் தன் வண்டியின் ஜன்னல் வழியாக நீட்டினார். இரண்டு வருடமாக ஊர் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இது பரவாயில்லை.

வியாழக்கிழமை பகல் மல்லாக்கி வந்தார். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கையில் ஒரு டஜன் முட்டை.

“உள்ள வாங்க.”

“வரமாட்டேன். உன் படி வழுக்கும்.”

“வழுக்காது.”

“என் நேரத்துக்கு வழுக்கும்.” பல் இல்லாததால் ‘ழ’ காற்றாக வந்தது. “இந்தா, முட்டை. இடத்தை நீயே வச்சுக்கோ. சனிக்கிழமை எழுதிக் கொடுத்துடறேன். கல்லை மட்டும் பழையபடி திருப்பிடு.”

நாலடி இரண்டங்குலம். கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைத்தான் இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்,” என்றார். “எதுவரைக்கும் கேட்டிருக்கே? பல்லோட நிக்குமா, இல்லை முழுசாவா? முழுசான்னா இப்பவே சொல்லிடு தம்பி. ஆட்டையெல்லாம் அடுத்த வாரச் சந்தையிலயே கொடுத்துடுவேன். அதுங்க வேற ஆள்கிட்ட பழகணும்ல, அதுக்கு நாளாகும்.”

முட்டைகள் அட்டைக்குள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டிருந்தன. நானும் ஒருமுறை, நின்றபடி, ஒரு டாக்டரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். எதுவரைக்கும் என்று. அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

“நான் சாபம் போடலை,” என்றேன்.

“போட்டவன் அப்படித்தான் சொல்லுவான்.”

“வேலை. கல்லுக்கு அடியில செதுக்கல் இருக்கான்னு பாத்தேன். வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்துச்சு. அவ்வளவுதான்.”

கேமராவைக் கொண்டுவந்து காட்டினேன். ஒன்பது படங்களையும் பார்த்தார். நாலாவதில் நிறுத்தி, “பின்னாடி நிக்கறது எங்க லூலு,” என்றார். லூலு அவருடைய செல்ல ஆடு. மீதியையும் பார்த்து முடித்தார். அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். வெளுத்தது.

“அப்போ யார் பேரையும் சொல்லலையா?”

“இல்லை.”

“பேர் சொல்லாமலா ஒன்பதையும் திருப்பினே?”

“ஆமா.”

“அடப்பாவி! என் மேல போட்டிருந்தாலாவது ஒரு இடத்துல நிக்கும். இப்போ அவுத்துவிட்ட நாய் மாதிரி ஊருக்குள்ள சுத்திக்கிட்டிருக்குமே! எவனைக் கடிக்குமோ!” கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். படியில் வழுக்கவில்லை. “மனசுல யாரை நினைச்சுக்கிட்டிருந்தே?”

“யாரையும் இல்லை.”

“எதையாவது நினைச்சிருப்பேல்ல?”

“வெளிச்சத்தை.”

“படிச்சவன்!” என்றார். அவர் வாயில் அது கெட்ட வார்த்தை மாதிரி ஒலித்தது.

சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்னால், பீடத்தடியில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினோம். தூறல். நோரீன் சாட்சிக்கு வந்திருந்தார். குடை, பிளாஸ்க், ஒரு பொட்டலம்.

“மாப்பிள்ளை, வாயை மூடிக்கிட்டு இருன்னு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். ரெண்டு வருஷமா வாயே திறக்காத ஆளு நீ. இன்னும் ரெண்டு நாளைக்குப் பொறுக்கலையா உனக்கு?”

சாபத்தை நீக்க ஏழு முறை வலம் வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பீடத்தடியில் ஒரு கூழாங்கல் போட வேண்டும். அப்போதுதான் எண்ணிக்கை தவறாது. கடைசியில் ஒன்பது கற்களையும் வலமாகத் திருப்ப வேண்டும். ஏழு கூழாங்கற்களும் மல்லாக்கியின் கோட்டுப் பையில் இருந்தன. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால், எனக்குப் பின்னால் லூலு. புல் சில்லென்றிருந்தது. இடையில் நெருஞ்சி மாதிரி ஏதோ முள். கால் வலித்தது. வலிக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

“போதும், ஏழு ஆச்சு,” என்றேன்.

“ஆறுதான். கல்லை எண்ணு.”

எண்ணினேன். ஆறு கற்கள் கிடந்தன. ஆனால் நான் ஏழு சுற்றியிருந்தேன். அளப்பதுதான் என் பிழைப்பு.

“பையில எத்தனை மிச்சம்?” என்று நோரீன் கேட்டார்.

“ஒண்ணு. அதனாலதான் சொல்றேன், ஆறு.”

“பையில வேற என்ன வச்சிருந்தே?”

மல்லாக்கி யோசித்தார். “பெப்பர்மின்ட்டு ஒண்ணு இருந்துச்சு.”

மூவரும் திரும்பி லூலுவைப் பார்த்தோம். லூலு எதையோ கடகடவென்று மென்றுகொண்டிருந்தது.

“ஏழுதான்,” என்றேன்.

“ஆடு தின்னதெல்லாம் கணக்குல வராது,” என்றார் நோரீன். “இன்னொண்ணு சுத்துங்க.”

“புனிதர் ஒத்துக்குவார், நோரீன்.”

“நான் ஒத்துக்க மாட்டேன்.”

இன்னொன்று சுற்றினோம். பாதியில் மல்லாக்கிக்குச் சறுக்கியது. பிடித்துக்கொண்டேன். கனமான ஆள். மீதிப் பாதியை என் தோளில் கைபோட்டபடி நடந்தார். பிறகு கற்களைத் திருப்பினோம். ஐந்தை நான், நாலை அவர்.

சுவர்மேல் உட்கார்ந்து சாக்ஸைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “சரி. சாபம் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்போ நான் எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை.”

“இல்லை.”

“இடம் எனக்குத்தான்.”

“ஆமா.”

வியாழக்கிழமை உண்மையைச் சொன்னபோதே இது எனக்குத் தெரியும். ஷூ கயிறு நனைந்திருந்தது. கட்டுவதற்கு நேரமானது. மல்லாக்கி போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அளவு நாடா வச்சிருக்கியா?”

வைத்திருந்தேன். துண்டுக்குப் போய் அளந்தோம். நாலடி இரண்டங்குலம். மாறவில்லை.

“ரெண்டு குழிக்கு?”

“பத்து அங்குலம் குறையுது.”

“பட்டினி கிடந்தா?”

“பெட்டி மெலியாதே.”

தாடையைத் தடவினார். “ஆழம்?”

“பாறை ஏழடியில.” போன மாதம்தான் கம்பி இறக்கிப் பார்த்திருந்தேன்.

“ஏழடின்னா ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். ஒருத்தன் மேல ஒருத்தன்.”

நோரீன் குடையை மடக்கினார். “ஒரே குழின்னா சொந்தமா இருக்கணும்டா. பதிவேட்டுல உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்னன்னு எழுதட்டும்?”

“எதிரின்னு எழுது.”

“அது ஒரு உறவா?”

“பின்னே? என் அண்ணன் மகன் பாஸ்டன்ல இருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவான். அதோட சரி. இவன் என் பின்னாடி வெறுங்காலோட எட்டு சுத்து சுத்தியிருக்கான்.”

நோரீன் எழுதிக்கொண்டார். உண்மையாகவே எழுதினார், நான் பார்த்தேன். கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை. எழுந்து எதிர்க்க யாருக்கும் தைரியமில்லை என்பதுதான் சரி.

அதெல்லாம் மதியம். காலையில் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

“நான்தான் முதல்ல போவேன். அடியில நான்,” என்றார் மல்லாக்கி. “நீ எத்தனை கிலோ?”

“அறுபத்தொண்ணு.”

“அப்படியே இரு. ஏத்தாதே.”

“ஏத்துவான்,” என்றார் நோரீன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு சாண்ட்விச்சை என் கையில் திணித்தார். நான் கொடுத்த ஹாம். கடுகு நிறைய. முழுதும் தின்றேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் தின்றேன்.

மல்லாக்கி துண்டின் தலைமாட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“உன் பெண்டாட்டி குறட்டை விடுவாளா?”

“விடுவா.”

“பலமாவா?”

“ஜன்னல் அதிரும்.”

“கடவுளே,” என்றார். அவருடைய அம்மாவின் கல்லைப் பார்த்தார். “எங்க அம்மாவும்தான்.”